வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நடிப்புப் பரீட்சை

கடை வைத்து நடத்தும் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இந்தப் பாடத்தை எழுதத் துணிகின்றேன். எழுதுகிறவன் பெரிய படிப்பாளி அல்லன். ஆரம்பப் பள்ளியும் மதரஸாவுந்தான் என் படிப்பு. மற்றவை கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றதும், கைக்குக் கிடைத்த நூல்களை வாசித்துத் தெரிந்துகொண்டதுமாகும்.

நமது கடைகளில் ஆள் எடுக்கும் முறை எப்படி இருக்கின்றது? ஒரு பையன் வருகிறான். ஊர் எது, யார் மகன், முன்பு எங்கே நின்றாய், ஏன் விலகினாய், சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்கிறோம். பிறகு, "வாடிக்கைக்காரர் சத்தம் போட்டால் பொறுமையாக இருப்பாயா தம்பி?" என்று ஒரு கேள்வி. "இருப்பேன் நானா" என்று ஒரு பதில். இருக்கமாட்டேன் என்று சொல்லுகிறவன் உலகத்தில் உண்டா? கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. கூச்சப்பட்டுத் தலை குனிந்து உட்கார்ந்த பிள்ளை, கை சுத்தமும் கணக்குத் திறமையும் உள்ளவனாயிருந்தாலும், வந்த வழியே போகிறான்.

இதில் நஷ்டம் முதலாளிக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். பொருந்தாத ஆளை எடுத்து இரண்டு மாதத்தில் அனுப்பினால், அவன் முன்பிருந்த வேலையையும் விட்டு வந்தவன் என்பதை நினைக்க வேண்டும். அவன் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. ஆகையால் ஆளைச் சரியாகப் பார்த்து எடுப்பது இரண்டு தரப்புக்கும் செய்யும் நியாயமாகும்.

மதரஸாவில் ஓதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். "பாடம் ஆயிற்றா?" என்று ஹஜ்ரத் கேட்பார். "ஆயிற்று ஹஜ்ரத்" என்றால் அதோடு விட்டுவிடுவாரா? "எங்கே, ஓது" என்பார். தெரியும் என்று சொல்லுவது வேறு, ஓதிக் காட்டுவது வேறு. நான் சொல்ல வந்த பரீட்சையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வேலையில் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைச் சிறியதாக ஏற்படுத்தி, மனுப் போட்டவரை அந்த வேலையாளாகவே நடந்துகொள்ளச் சொல்லி, எதிரே ஒருவர் வாடிக்கைக்காரராகவோ உடன் வேலை செய்பவராகவோ நடிக்க, வேறு ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கவனித்துக் குறித்துக்கொள்வதுதான் இது. "என்ன செய்வாய்?" என்பது கேள்வி. "செய்து காட்டு" என்பது பரீட்சை.

இது எங்கிருந்து வந்தது?

வியாபாரிகள் கண்டுபிடித்ததல்ல, பட்டாளத்தார் கண்டுபிடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுத்த முறை ஏறக்குறைய நமது முறைதான். கொஞ்ச நேரம் பேட்டி. எந்தப் பள்ளியில் படித்தாய், தகப்பனார் யார், என்ன விளையாட்டு ஆடுவாய் என்று கேள்விகள். அப்படி எடுத்தவர்களில் ஏராளமானோர் பயிற்சியில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். எனவே 1942-ம் ஆண்டில் எடின்பரோ நகரில் புதுவிதத் தேர்வுக் குழு ஒன்றை அமைத்துப் பார்த்தனர். ஜெர்மன் ராணுவத்தின் மனோதத்துவ நிபுணர்கள் அதற்கு முன்பே இவ்விதமான பரீட்சைகளைச் செய்துவந்த செய்தி பிரிட்டிஷாருக்குத் தெரிந்திருந்தது. மனுப் போட்டவர்களைச் சுமார் மூன்று நாள் ஓரிடத்தில் தங்க வைத்து, கையில் எண் எழுதிய பட்டை கட்டி, ஒரு கூட்டமாக நிறுத்தி, தலைவன் என்று எவரையும் நியமிக்காமல் ஒரு வேலையைக் கொடுத்தனர். யார் தானாக முன்வருகிறான், யார் பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறான் என்று பார்ப்பதுதான் நோக்கம். இந்த முறை நன்றாக நடந்தது. யுத்தம் முடிந்த 1945-ல் பிரிட்டிஷ் அரசாங்க உத்தியோகத் தேர்வுக்கும் இதைப் போன்றதையே எடுத்துக்கொண்டனர். இந்திய ராணுவத்தில் அதிகாரிகளை எடுக்கும் தேர்வு இன்றும் பல நாள் நடப்பதும் இந்த வழி வந்ததுதான்.

அமெரிக்கர்கள் செய்தது இன்னும் வேடிக்கையானது. ஓ.எஸ்.எஸ். என்ற அவர்களுடைய யுத்தகால உளவு இலாகா, வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெரிய பண்ணை வீட்டைப் பிடித்து, ஆட்களைப் பரிசோதித்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹென்றி மரே என்ற மனோதத்துவ நிபுணர் அதில் முக்கியமானவர். வருகிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. பட்டம் பதவி தெரியாதபடி எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. பொய்ப் பெயரையும் பொய்க் கதையையும் வைத்துக்கொண்டு மூன்று நாளும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

அங்கே நடந்த ஒரு பரீட்சையைக் கேளுங்கள். மரக்கம்புகளையும் கட்டைகளையும் கொடுத்து, பெட்டி போன்ற பெரிய சட்டம் ஒன்றைப் பத்து நிமிடத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்பார்கள். உதவிக்கு இரண்டு ஆட்கள். நீ சொல்லுகிறபடி அவர்கள் செய்வார்கள், நீ கையால் தொட வேண்டியதில்லை என்பார்கள். உண்மையில் அந்த இருவரும் பரீட்சகர்களின் ஆட்கள்! ஒருவன் சோம்பேறியாக நடிப்பான். சொல்லாமல் எதையும் தொடமாட்டான். மற்றவன் குறுக்கே பேசுவான், குற்றம் சொல்லுவான், கேலி செய்வான். கட்டி முடித்தவன் ஒருவனும் இல்லை. சட்டத்தைக் கட்டுகிறானா என்பதைப் பார்க்கவே இல்லை; வேலை கெடும்போது மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத்தான் பார்த்தார்கள். இன்னொன்று: இரவில் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் ரகசியக் காகிதங்களைப் புரட்டும்போது நீ பிடிபட்டாய் என்று வைத்துக்கொள், ஏன் அங்கே இருந்தாய் என்பதற்கு ஒரு கதை தயார் செய் என்று 12 நிமிடம் கொடுப்பார்கள். பிறகு கண் கூசும் விளக்கின் எதிரே உட்கார வைத்து விசாரிப்பார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இப்படிப் பார்த்துவிட்டு, 1948-ல் அனைத்தையும் ஒரு நூலாக வெளியிட்டனர். அந்த நூலில் நான் மெச்சுவது ஒன்று. எடுத்த ஆட்கள் பிறகு களத்தில் எப்படி வேலை செய்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து, தாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பொருந்தவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

வைத்தியப் படிப்பிலும் இது உண்டு. 1963-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஹோவர்ட் பேரோஸ் என்ற வைத்தியர் நோயில்லாத ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களைப் பரிசோதித்தார். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர், மாணவர்கள் ஒவ்வொரு மேஜையாக மணி அடித்தவுடன் நகர்ந்து செல்லும் பரீட்சையை வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் டாக்டருக்குப் படித்தால் இந்தப் பரீட்சையைக் கடந்தே வருகிறார்கள்.

நமது கடைக்கு எப்படிச் செய்வது?

உளவு இலாகாவின் தந்திரங்கள் நமக்கு வேண்டியதில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் அட்டை, ஏழெட்டு நிமிடம் போதும்.

முதலில் கடையில் எந்த இடத்தில் ஆட்கள் சறுக்குகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். அந்த இடத்திலிருந்துதான் சம்பவத்தை எடுக்க வேண்டும். "இந்தப் பேனாவை எனக்கு விற்றுக் காட்டு" என்று சிலர் கேட்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மளிகைக் கடையில் பேனாவை வர்ணித்து விற்கும் வேலை எங்கே இருக்கிறது? அரிசி வாங்க வந்தவர் அரிசி வாங்கத்தான் வந்தார்.

இக்காலத்துக் கடைகளில் உள்ள தொல்லை ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டேன் என்று திரையைக் காட்டிச் சாமானை எடுத்துப் போகிறார்கள். சில வேளை பணம் வந்திருக்கும். சில வேளை அந்தத் திரையில் இருப்பது பழைய ரசீதின் படம். இதில் பையனுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. விட்டால் கடைக்கு நஷ்டம். பிடித்தால், வாடிக்கைக்காரர் உண்மையானவராக இருந்தால், பத்துப் பேர் நடுவில் ஒரு நல்ல மனிதரைத் திருடன் ஆக்கிய பழி.

அட்டையில் இப்படி எழுதுங்கள்: "நீங்கள் கல்லாவில் நிற்கிறீர்கள். மாலை நேரம், பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் 43 வெள்ளி 60 காசுக்குச் சாமான் எடுத்திருக்கிறார். கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லுகிறார். கடைக் கைப்பேசியில் இன்னும் செய்தி வரவில்லை. செய்தி வந்த பிறகே சாமானைக் கொடுக்க வேண்டும் என்பது கடை விதி. சந்தேகம் வந்தால் பெரியவரைக் கூப்பிடலாம்." விதியை அட்டையிலேயே எழுதுவது முக்கியம். எழுதாவிட்டால், இதுபோன்ற கடையில் முன்பு வேலை செய்தவனுக்கு மட்டுமே தெரியும். பரீட்சை சுபாவத்தைப் பார்க்காமல் அனுபவத்தைப் பார்த்ததாகிவிடும். அட்டையை ஐந்து நிமிடம் வாசிக்க விடுங்கள். வாசிப்பதில் தடுமாறுபவனுக்கு நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்டால் விளக்குங்கள்.

வாடிக்கைக்காரராக நடிப்பவருக்கு மூன்று வாக்கியங்களை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில், "அனுப்பிவிட்டேன் தம்பி, இதோ பார்." பையன் பணம் வரவில்லை என்றவுடன், "என்னைத் திருடன் என்கிறாயா?" நாலாவது நிமிடத்தில், "எனக்கு நேரமில்லை, நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். இடையில் அவர் சொந்தமாகப் பேசலாம், ஆனால் இந்த மூன்றையும் எல்லா மனுதாரரிடமும் தவறாமல் சொல்ல வேண்டும். ஒருவனிடம் கடுமையாகவும் அடுத்தவனிடம் இளகியும் நடித்தால் இருவரையும் ஒப்பிட முடியாது. இந்த மூன்று வாக்கியம் இல்லாவிட்டால், பையன் சும்மா நின்றால் நடிப்பவரும் சும்மா நின்று, பார்க்க வேண்டியது ஒன்றும் வெளியே வராமலே நேரம் போய்விடும்.

முதலாளியே வாடிக்கைக்காரராக நடிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பையன் கண்ணுக்கு வாடிக்கைக்காரர் தெரியமாட்டார், சம்பளம் கொடுக்கிறவர்தான் தெரிவார். கடையில் பல வருஷம் நின்ற ஒருவரை நடிக்கச் சொல்லி, முதலாளியும் வேறொருவரும் ஓரமாக உட்காருவது நல்லது. நடிப்பவர் மதிப்பெண் போடவும் வேண்டாம். நடிப்பில் கவனம் உள்ளவர் மற்றதைக் கவனிக்க முடியாது. வாடிக்கைக்காரர்களில் மலாய்க்காரர் சீனர் அதிகமானால் பரீட்சையையும் மலாய் மொழியில் நடத்த வேண்டும். தமிழில் சாமர்த்தியமாகப் பேசுகிறவன் மலாயில் திணறினால் கடைக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

மதிப்பெண் எப்படி?

ஐந்து, மூன்று, ஒன்று என்று மூன்று படி வைத்து, ஒவ்வொரு படிக்கும் எது நடந்தால் அந்த எண் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன சம்பவத்தில், "ஐயா, பணம் வர சில வேளை தாமதமாகும், கொஞ்சம் இப்படி ஓரமாக நில்லுங்கள், இவருக்குக் கணக்குப் போட்டுவிட்டு மறுபடி பார்க்கிறேன்" என்று குரல் உயர்த்தாமல் சொல்லி, சாமானைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கடைசியில் பெரியவரைக் கூப்பிடுகிறவனுக்கு ஐந்து. விதியைக் காப்பாற்றினான், ஆனால் பின்னால் நிற்பவர்களை மறந்துவிட்டான், அல்லது "விதி விதி" என்றே திரும்பத் திரும்பச் சொன்னான் என்றால் மூன்று. சாமானைப் போக விட்டாலும் ஒன்று. "உங்களைப் போல் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னாலும் ஒன்றுதான். இரண்டாவது குற்றம் கடைக்குச் சிறிது என்று சிலர் சொல்லுவர். நான் அப்படி நினைக்கவில்லை. 43 வெள்ளியை அடுத்த வாரம் சம்பாதித்துக்கொள்ளலாம். மானம் போனவர் திரும்பி வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வர விடமாட்டார்.

நடக்கும்போது எண் போட வேண்டாம். பையன் சொன்ன சொல்லை, செய்த செயலை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "நல்ல பையன்", "முகத்தில் களை இருக்கிறது" என்பதெல்லாம் குறிப்பு அல்ல. முடிந்த பின், இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பாராமல் எண் போட்டு, அப்புறம் பேசிக்கொள்ள வேண்டும். முதலில் பேசினால் முதலாளியின் எண்ணே இருவர் எண்ணும் ஆகிவிடும்! பையனிடம், "இன்னொரு முறை செய்தால் எதை மாற்றிச் செய்வாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதில் சில வேளை நடிப்பைவிட அதிகம் சொல்லும்.

கடனுக்குக் கேட்டு வரும் பழைய வாடிக்கைக்காரர், தாமதமாக வந்த சின்னப் பையனைக் கண்டிப்பது ஆகியவற்றையும் இதே முறையில் அட்டையாக எழுதலாம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வாடிக்கைக்காரரிடம் பொறுமை காட்டியவன் உடன் வேலை செய்பவனிடமும் பொறுமையாக இருப்பான் என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவில் 1982-ல் பெரிய கம்பெனிகளின் இத்தகைய பரீட்சை எண்களை ஆராய்ந்த பால் சாக்கெட், ஜார்ஜ் டிரெஹர் என்ற இருவர், ஒரே பரீட்சையில் போட்ட வெவ்வேறு குணங்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதையும், ஒரே குணத்துக்கு வெவ்வேறு பரீட்சையில் போட்ட எண்கள் ஒட்டாமல் நிற்பதையும் கண்டார்கள். ஆகையால் "பொறுமை 4, நேர்மை 5" என்று எழுதாமல், "பணத் தகராறைச் சமாளித்தான் 4" என்று எழுதுவதே சரி. நேர்மையை ஏழு நிமிடத்தில் நடித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க முடியாது.

இதனால் தெரியாதது எது?

1988-ல் அதே சாக்கெட்டும் வேறு இருவரும் நம்மைப் போன்ற தொழிலையே எடுத்து ஆராய்ந்தார்கள்: சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்பவர்கள். தாங்கள் பரீட்சிக்கப்படுவது தெரிந்து முழு வேகத்தில் செய்தபோது இருந்த திறமைக்கும், சாதாரண நாளில் எவரும் சொல்லாமல் செய்த வேலைக்கும் சம்பந்தம் குறைவாகவே இருந்ததாம். நடிப்புப் பரீட்சை முதல் வகையைச் சேர்ந்தது. ஒருவனால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டும். தினம் தினம் அவ்வளவு செய்வானா என்பதைக் காட்டாது. அதற்கு முன் நின்ற கடையில் விசாரிப்பதும், சில மாதம் பார்த்து நிரந்தரம் செய்வதும் தேவைதான். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு எண் போடும் பேட்டியையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். 2022-ல் சாக்கெட் முதலியோர் பல வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லாத் தேர்வு முறைகளிலும் அவ்விதப் பேட்டிதான் முன்னே நின்றது. செய்து காட்டும் பரீட்சை அதற்குக் கொஞ்சம் பின்னே வந்தது.

நாடகம் நடிக்கத் தெரிந்தவன் ஜெயித்துவிடுவானே என்று கேட்கலாம். சிறிது உண்மைதான். வாடிக்கைக்காரர் முன்னால் கோபத்தை அடக்கிச் சிரிப்பதும் ஒரு நடிப்புத்தானே என்று விட்டுவிடுவேன். பயந்து நடுங்குகிறவனுக்காக, எண் போடாத சிறிய சம்பவம் ஒன்றை முதலில் நடத்திப் பழக்குவது உதவும்.

பரீட்சை என்ற பெயரில் செய்யக் கூடாதவையும் உண்டு. நடிப்பு நடக்கப்போகிறது என்பதை வரச் சொல்லும்போதே தெரிவித்துவிட வேண்டும். சொல்லாமல் ஆளை அனுப்பிச் சண்டை போட வைப்பது பட்டாளத்து உளவாளிக்குப் பொருந்தலாம், அரிசிக் கடைப் பையனுக்குப் பொருந்தாது. தகப்பனார், நிறம், உடம்பு, ஊர் பற்றி ஒரு சொல்லும் நடிப்பவர் வாயில் வரக் கூடாது. மனுப் போட்டவர் பெண்ணாயிருந்தால், கவனிப்பவர்களில் ஒரு பெண்மணி இருப்பது நல்லது. பரீட்சை என்று சொல்லி ஒரு நாள் முழுதும் மூட்டை தூக்க வைத்து, மாலையில் "சொல்லி அனுப்புகிறோம்" என்று கூலியில்லாமல் அனுப்பிய முதலாளியை நான் அறிவேன், பெயர் வேண்டாம். அதற்குப் பரீட்சை என்று பெயரில்லை. தேறாதவனுக்கும் அன்றே முடிவைச் சொல்லி, பஸ் செலவைக் கொடுத்து அனுப்பினால் நமக்குக் குறைந்துவிடாது.

கடைசியாக, தாள்களை எறிந்துவிடாதீர்கள். 1956-ல் அமெரிக்க டெலிபோன் கம்பெனியில் டக்ளஸ் பிரே என்பவர் நானூற்றுக்கு மேற்பட்ட வாலிபர்களைப் பரீட்சித்து, எண்களைக் கம்பெனி அதிகாரிகளுக்குக் காட்டாமல் பூட்டி வைத்தார். பல வருஷம் கழித்துத் திறந்து, யார் பதவி உயர்ந்தார் என்பதோடு ஒப்பிட்டார். முன்பு நன்றாகச் செய்தவர்களே பெரும்பாலும் உயர்ந்திருந்தார்கள். முன்கூட்டியே காட்டியிருந்தால் எண்ணைப் பார்த்தே உயர்த்தியிருப்பார்கள் அல்லவா? நாமும் தாளில் தேதி போட்டுப் பெட்டியில் வைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்து, கடையில் அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்பதோடு பொருத்திப் பார்க்கலாம். பொருந்தாத அட்டையைக் கழித்துவிட்டு வேறு அட்டை எழுதலாம். நல்ல அட்டை அமைந்தால் ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள், மற்றக் கடைக்காரர்களும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்ட வேண்டாம். வேலை தேடி வரும் பையன்கள் அங்கேதான் நின்று வாசிக்கிறார்கள்.